கப்பலில் உருளைக்கிழங்கு சீவியவர்

குட்டு உடைந்தது இஸ்திரிப் பெட்டியால்தான்.

அந்தத் தையல் கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்று உண்டு. அதற்கு ஊற்றும் தண்ணீர் ஒரு வெள்ளை பாட்டிலில் மேசைக்கு அடியில் இருக்கும். அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு பாட்டிலும் அங்கே இருந்தது பெரிய டெய்லருக்கு மட்டுமே தெரியும். ஒரு சாயங்காலம் சின்ன டெய்லர் அவசரத்தில் அந்த இரண்டாவது பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டாள். யாரோ ஒரு வங்கி அதிகாரியின் கோட்டு மேல் பெட்டியை வைத்து அழுத்தினாள். குப்பென்று ஆவி கிளம்பியது. அவள் கோட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கடைசியில் அக்காவைப் பார்த்தாள். கடை முழுக்க மதுக்கடை வாசனை.

"என்னக்கா இது?"

"கோட்டுக்காரர் குடிப்பார் போலருக்கு," என்றாள் பெரிய டெய்லர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அந்தப் பொய் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அடுத்ததாகப் பெட்டி ஏறியது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாவாடை மேல். அதிலிருந்தும் அதே வாசனை வந்தது.

பெரிய டெய்லர், சின்ன டெய்லர் என்பதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். அக்காவும் தங்கையும் ஒரே வீடு, ஒரே கடை. வெட்டுவது பெரியவள், தைப்பது சின்னவள். ஆளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தால் போதும், இஞ்ச் டேப் இல்லாமலே பெரியவள் அளவைச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் கொஞ்ச நாளாக வெட்டு தடுமாறிக்கொண்டிருந்தது. சீருடைச் சட்டை ஒரு கட்டு முழுக்க, இரண்டு கையும் இடது கையாகவே வெட்டி வைத்திருந்தாள். தூக்கக் கலக்கம் என்று பூசி மெழுகினாள். இஸ்திரிப் பெட்டி வாயைத் திறந்த பிறகு அந்தப் பூச்செல்லாம் உதிர்ந்துவிட்டது.

சின்னவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பெரியவளும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பாள். துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள், அவ்வளவுதான். மறுநாள் டாக்டரிடம் போய் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்குதாம்க்கா. பஸ் நிலையத்துக்குப் பின்னாடி அந்த உயரமான பழைய கட்டடம் இருக்குல்ல, அதுல. டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது. குடிச்சவங்களே உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்களாம். நீ போ. போயிட்டு வந்தாதான் கத்திரிக்கோல்."

பெரிய டெய்லர் போனாள். போனாள் என்றால், கட்டட வாசல் வரைக்கும் போனாள். அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் ஜன்னலாக விளக்கு எரிந்தது. உள்ளே போய் யாரிடம் என்னவென்று கேட்பது? 'ஐயா, குடிகாரர்கள் கூடும் அறை எது?' என்றா? நினைத்தாலே உடம்பு கூசியது. எதிர்ச்சாரியில் ஒரு பார் இருந்தது. அங்கே எதையும் கேட்க வேண்டியதில்லை. போய் உட்கார்ந்தால் அவர்களே கேட்பார்கள்.

பக்கத்து மேசையில் ஒருவர் பெரிய மீசை நனைய நனையக் குடித்துக்கொண்டிருந்தார். பெரிய டெய்லரும் குடித்தாள். பிறகு புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தங்கை கதவிலேயே காத்திருந்தாள்.

"எப்படிக்கா இருந்துச்சு? யாரெல்லாம் வந்தாங்க?"

இப்படி ஆசையாகக் கேட்டால் என்ன செய்வது? "ஒரு மீசைக்காரர் வந்திருந்தார்," என்று ஆரம்பித்தாள் பெரியவள். வாய் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அவர் கப்பலில் சமையல்காரராக இருந்தவராம். ஒரு நாள் போதையில் உப்பென்று நினைத்து சூப்பில் சோப்புத் தூளை அள்ளிப் போட்டுவிட்டாராம். கேப்டன் வாயில் நுரை நுரையாக வந்ததாம். அன்றைக்கு விட்டவர்தானாம். குடிக்க வேண்டும் என்று எப்போது தோன்றினாலும் உருளைக்கிழங்கு மூட்டை பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாராம். ஒன்றை எடுத்துத் தோல் சீவுவாராம். தோல் அறுந்துபோகாமல் ஒரே சுருளாக வர வேண்டும். அறுந்தால் அடுத்த கிழங்கு. அந்த நினைப்பு போகும்வரை சீவிக்கொண்டே இருப்பாராம். கப்பலில் இருந்தவர்கள் ஒரு வாரம் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் கண்ணால் பார்க்கவில்லையாம்.

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிப்பட்ட மனுஷன்க்கா," என்றாள்.

பொய்யில் ஒரு தொல்லை உண்டு. பெற்றுப் போட்டுவிட்டால் வாராவாரம் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். அடுத்த வியாழக்கிழமையும் பெரிய டெய்லர் பாருக்குத்தான் போனாள். எங்கே போனாய் என்று தங்கை சந்தேகப்பட மாட்டாள் என்ற நிம்மதியோடு குடிக்க வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு வாய்த்தது. வீட்டுக்கு வந்து மீசைக்காரரைப் பற்றி இன்னொரு கதை சொன்னாள். சின்னவள் அந்தக் கதைகளைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அக்கா என்று காட்டிக்கொடுக்க மாட்டாள். 'எனக்குத் தெரிஞ்சவங்க போற கூட்டத்துல ஒருத்தர்' என்று தொடங்குவாள். இடுப்பளவு எடுக்கும்போது தொடங்கினால் தோளளவு எடுக்கும்போது கப்பல் கரை சேரும். சில வாரம் கழித்துக் கத்திரிக்கோல் மறுபடியும் பெரியவள் கைக்கு வந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சின்னவள் ஸ்கூட்டர் வாங்கும்வரை.

"இந்த வியாழக்கிழமை நானே கொண்டுபோய் விடுறேன்க்கா. முடியுற வரைக்கும் கீழயே உட்கார்ந்திருக்கேன். மீசைக்காரரை ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

"அவரு இப்பல்லாம் சரியா வர்றதில்லடி."

"எனக்காக வருவாரு பாரு."

பெரிய டெய்லர் வெட்டிக்கொண்டிருந்த துணி மேல் குனிந்துகொண்டாள். கத்திரிக்கோல் போவதுகூடப் பெரிதில்லை. இந்தக் கொஞ்ச நாளாகத் தங்கை பழையபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைக்கிறாள். பொய் என்று தெரிந்தால் அந்தப் பாட்டு நின்றுபோகும். இனிமேல் எந்த பாட்டிலில் தண்ணீர் இருந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள்.

அந்த வியாழக்கிழமை வந்தது. ஸ்கூட்டர் கட்டட வாசலில் நின்றது. வாசலுக்கு நேரே ஒரு சிமென்ட் பெஞ்சு. சின்னவள் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இனி வெளியே நழுவ வழியில்லை. பெரிய டெய்லர் கைப்பையை இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். பயத்துக்கு நடுவிலும் ஒரு குறுகுறுப்பு இருக்கத்தான் செய்தது. நிஜத்தில் அங்கே என்னதான் செய்வார்கள்? மூக்கைச் சிந்துவார்களா? ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுவார்களா? தான் கட்டிவிட்ட கூட்டத்துக்கும் நிஜக் கூட்டத்துக்கும் ஏதாவது ஒட்டுறவு இருக்குமா?

முதல் மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே நாலைந்து பேர் நாற்காலியில் வரிசையாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு பெண் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாடா, இதுதான் என்று பெரிய டெய்லர் ஓரமாகப் போய் உட்கார்ந்து தானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து, "உங்களுக்கு எந்தப் பல்லு?" என்று கேட்டாள்.

அசடு வழிய எழுந்து வெளியே வந்தபோதுதான் அந்த ஆளைப் பார்த்தாள். படியில் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கைமடிப்பு கத்தி மாதிரி நின்றது. கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். பெரிய டெய்லரின் கண் அளவெடுக்க ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு கருத்தாக உடுத்துகிறவர் ஒரு காலத்தில் தலைகீழாக இருந்து இப்போது திருந்தியவராகத்தான் இருப்பார். சந்தேகமே இல்லை, இவர் கூட்டத்து ஆள். இவர் பின்னாலேயே போனால் யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அவர் இரண்டாவது மாடியில் திரும்பினார், இவளும் திரும்பினாள். அங்கே ஒரு கணக்கர் ஆபீஸ், பூட்டியிருந்தது. அவர் நின்று மரியாதையாக ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். நின்றால் தப்பாக நினைப்பாரே என்று அவள் முன்னால் நடந்தாள். மூன்றாவது மாடியில் நடனப் பள்ளி. தரை அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிய, அவர் அவளைத் தாண்டிப் போனார். நான்காவது மாடியில் ஒரே ஒரு அறையில்தான் விளக்கு. உள்ளே ஒருவர் ஏதோ சொல்ல, பத்துப் பேர் கொல்லென்று சிரித்தார்கள். யாரோ மேசையைத் தட்டினார்கள். பிறந்தநாள் கொண்டாட்டம் போலிருக்கிறது என்று பெரிய டெய்லர் அந்தக் கதவைக் கடந்தாள். வெள்ளைச் சட்டைக்காரரும் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அதற்கு மேலே மாடிப்படி குறுகி, ஒரு இரும்புக் கதவில் போய் முடிந்தது. மொட்டை மாடிக் கதவு. பெரிய பூட்டு. பக்கத்தில் இரண்டு காலி பெயின்ட் டப்பா, ஒரு துடைப்பம். இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"திறங்க மேடம்," என்றார் அவர்.

"நானா? சாவி உங்ககிட்ட இல்லையா?"

"என்கிட்ட எப்படி இருக்கும்? நான் உங்க பின்னாடிதானே வந்தேன்."

"நான்தான் சார் உங்க பின்னாடி வந்தேன்!"

இருவரும் பூட்டைப் பார்த்தார்கள். பிறகு அவர் மெல்ல, "மேடமும் அந்த… வியாழக்கிழமை…" என்று இழுத்தார். பெரிய டெய்லர் தலையை ஆட்டினாள். அவள் பார்த்த அளவு தப்பிப் போயிருந்தது. அவரும் அவளை மாதிரியே புதுசு.

"உங்க நடையைப் பாத்தா வழி தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு," என்றார் அவர்.

"உங்க சட்டையைப் பாத்தா விட்டவரு மாதிரி இருந்துச்சு."

அவர் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "இது வீட்ல போட்டுக் குடுத்தது. முத முதல்ல போறீங்க, ஒழுங்காப் போங்கன்னு."

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்பவர் தப்புச் செய்தால் மிதிக்க அவர் பக்கத்தில் ஒரு தனி பிரேக் உண்டு. அதை மிதிப்பதுதான் அவர் வேலையில் பாதி. ஒரு நாள் மத்தியானம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வண்டியில் ஏறினவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். குறுக்கே ஒரு சைக்கிள். ஓட்டின பெண் தானே பிரேக் போட்டிருக்கிறாள், ஆனால் அது அவர் போட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"இறங்கும்போது அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு தெரியுமா மேடம்? நல்லவேளை சார், நீங்க பிரேக் போட்டீங்கன்னு கும்பிட்டுட்டுப் போச்சு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல."

சொல்லும்போதே அவருடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. பெரிய டெய்லருக்கு மனசு கனத்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"உண்மையைச் சொன்னா நான் கூட்டத்துக்கு வரல. ஒரு ஆளைப் பாக்க வந்தேன். பெரிய மீசை வச்சிருப்பாராம். கப்பல்ல சமையல் பண்ணவராம்."

பெரிய டெய்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பின் நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவசரமாக உள்ளே திணித்தாள்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"வீட்ல துணி தைக்கக் குடுக்குற கடையில பேசிக்கிட்டாங்களாம். வந்து சொன்னா. எனக்கு மொதல்ல நம்பிக்கை இல்ல. சும்மா சீவித்தான் பாப்போமேன்னு ஒரு நாள் உட்கார்ந்தேன்."

"எதை?"

"உருளைக்கிழங்கைத்தான். அறுந்து அறுந்து போச்சு மேடம். கோவத்துல ரெண்டு கிலோவையும் சீவிட்டேன். முடிச்சுட்டு நிமிர்ந்தா, கடை மூடுற நேரம் தாண்டிருச்சு. அன்னைக்குக் குடிக்கல. மறுநாளும் சீவினேன். இப்ப எங்க வீட்ல புள்ளைங்க உருளைக்கிழங்கைப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிடுதுங்க. முந்தாநாள் ஒண்ணு முழுசா வந்துச்சு, அறாம. அந்தத் தோலை வீட்டுக்காரி ஜன்னல் கம்பியில மாட்டி வச்சிருக்கா."

பெரிய டெய்லர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாய்க்கு வந்ததை யாரோ கையால் செய்து பார்த்திருக்கிறார்கள். தலை கால் புரியவில்லை அவளுக்கு. வெட்கமா, பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் மிஞ்சிக்கொண்டு நின்றது ஆவல்.

"நிஜமாவே கேக்குதா அது?"

"கேக்குது மேடம். ஆனா ஒண்ணு. சீவி முடிச்சப்புறம் கை சும்மா இருக்குதுல்ல? அப்பத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கு. அப்ப அவரு என்ன பண்ணுவாருன்னு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

பெரிய டெய்லருக்குப் பதில் தெரியாது. கதையை அவள் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாள். சீவி முடித்தபிறகு மீசைக்காரர் என்ன செய்தார் என்று தங்கை கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம் வந்த அறையிலிருந்து ஒரு அம்மா கையில் கெட்டிலோடு தண்ணீர் பிடிக்க வந்தவர், படியில் ஆள் நிற்பதைப் பார்த்து அண்ணாந்தார்.

"யாரைத் தேடுறீங்க?"

"யாரையும் இல்ல," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அப்ப இங்கதான். இறங்கி வாங்க," என்றார் அந்த அம்மா. "யாரையும் தேடலன்னு சொல்றவங்கதான் எங்ககிட்ட வருவாங்க. போன வாரம் ஒருத்தர் பல் ஆஸ்பத்திரியில ஒரு பல்லையே புடுங்கிட்டு வந்து சேர்ந்தாரு."

"இந்த ரூமா? உள்ள சிரிக்கிறாங்களே," என்றாள் பெரிய டெய்லர்.

"ஏன், சிரிக்கக் கூடாதா?"

அறை சாதாரணமாக இருந்தது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் டீக் கோப்பைகள், சுவரில் நின்றுபோன ஒரு கடிகாரம். உட்கார்ந்திருந்தவர்களைப் பெரிய டெய்லர் ஒவ்வொருவராக அளவெடுத்துப் பார்த்தாள். வழக்கமாக ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறவளுக்கு, இவர்களில் யார் எப்படிப்பட்டவர் என்று ஒன்றும் பிடிபடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மாதிரித்தான் இருந்தார்கள்.

கார் கற்றுக்கொடுப்பவர் உட்காரக்கூட இல்லை. "மீசை வச்ச ஒருத்தர் இங்க வருவாராமே, கப்பல்ல இருந்தவரு. இன்னைக்கு வருவாரா?" என்று நின்றபடியே கேட்டார். பெரிய டெய்லர் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கெட்டில்கார அம்மா டீயை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "தம்பி, இங்க யாரு வர்றா, யாரு வரலன்னு நாங்க சொல்றதில்ல. யாரு கேட்டாலும் சரி. நாளைக்கு உங்களப் பத்தி உங்க வீட்லருந்து வந்து கேட்டாலும் இதே பதில்தான். இங்க அது ஒரு பழக்கம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பெரிய டெய்லர் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். இல்லை என்று சொல்லவில்லையே, அப்படியானால் வருகிறார் என்றுதானே அர்த்தம்! பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்து இடம் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பெரிய டெய்லருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படி ஒரு பழக்கம் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. தங்கையே மாடியேறி வந்து கேட்டாலும் இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். மீசைக்காரர் இல்லை என்று உலகத்தில் யாராலும் நிரூபிக்க முடியாது. இன்றைக்கு, அடுத்த வாரம், அடுத்த வருஷம், எப்போது கேட்டாலும் 'அவர் இப்பதான் போனார்' என்று சொல்லிக் காலத்தை ஓட்டிவிடலாம். கத்திரிக்கோலும் பத்திரம், தங்கையின் பாட்டும் பத்திரம். அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். சூடாக, நன்றாக இருந்தது.

ஆனால் அந்தக் கைக்குட்டை அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கதவைப் பார்த்தார். காற்றில் கதவு ஆடினாலும் பார்த்தார். தாமதமாக வந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரப் போக, "ஆள் வருது சார்," என்று பணிவாகச் சொல்லி வேறிடம் காட்டினார். அடுத்த வாரமும் இப்படித்தான் கைக்குட்டை போடுவார். வீட்டில் கிழங்கு சீவி முடித்துவிட்டு, கை சும்மா இருக்கிற நேரத்தை எப்படிக் கடப்பது என்று தெரியாமல், வராத ஆளுக்காக எத்தனை வாரம் காத்திருப்பார்? ஒரு நாள் பொறுமை போய்விடும். போனால் எதிரே பார் இருக்கிறது. அங்கே பெரிய மீசைக்காரர் ஒருவர் நிஜமாகவே இருக்கிறார்.

ஒவ்வொருவராகப் பேசி, முறை அவரிடம் வந்தது. "நான் ஒருத்தருக்காகக் காத்திருக்கேன். அவரு வந்தப்புறம் பேசுறேன்," என்றார்.

அடுத்தது பெரிய டெய்லர். "பேசணும்னா பேசலாம்மா. இல்லைன்னா சும்மா இருக்கலாம்," என்றார் கெட்டில்கார அம்மா.

சும்மா இருக்கலாம் என்று சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

"அவரு வரமாட்டாரு சார்," என்றாள் கைக்குட்டையைப் பார்த்து. "அப்படி ஒருத்தர் இல்ல. அது நான் கட்டிவிட்ட ஆளு. அந்தத் தையல் கடை எங்க கடைதான். நான் இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வச்சதே இன்னைக்குத்தான். இத்தனை வியாழக்கிழமையும் எதிர்ல இருக்கிற பார்லதான் உட்கார்ந்திருந்தேன். அங்கருந்து போயி என் தங்கச்சிகிட்ட கூட்டத்துக்குப் போனேன்னு கதை சொன்னேன்."

பிறகு ஒரு மூலையிலிருந்து யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரிக்க, அது அப்படியே வட்டம் முழுக்கப் பரவியது. அதில் கேலி இல்லை. இதைவிடப் பெரிய புளுகெல்லாம் புளுகிய ஆட்கள் அவர்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். எழுந்து கதவுக்குப் போனார். நேரே அந்த பாருக்குத்தான் போகப் போகிறார், அனுப்பி வைத்ததே நான்தான் என்று பெரிய டெய்லருக்கு அழுகை முட்டியது.

கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி அவர் நின்றார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தத் தோல் அறாம சீவுறது?"

"நானாச் சொன்னது சார்."

"நீங்க சீவிப் பாத்திருக்கீங்களா?"

"ஒண்ணுகூட இல்ல."

அவர் கைப்பிடியை விட்டார். சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"சீவிப் பாருங்க மேடம்," என்றார் அவர். குரலில் கோபம் இருந்தது. "வேலை செய்யுது."

திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் இல்லை, எதிர்வரிசையில். உட்கார்ந்ததும் எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, "சீவி முடிச்சப்புறம் என்ன பண்றது? உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். அதெல்லாம் ஆகாது, இப்படிச் செய்யுங்க என்றார் மூன்றாமவர். பெரிய டெய்லர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து கீழே வந்தபோது தங்கை பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். படியில் இறங்குகிற ஒவ்வொருவர் முகத்திலும் மீசையைத் தேடினாள்.

"எங்கக்கா அவரு?"

பெரிய டெய்லர் சொன்னாள். பூசாமல் மெழுகாமல், பாரைப் பற்றியும் சொன்னாள். சின்னவள் முகம் சுண்டிப்போனது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

"தினமும் அந்த ஆளுக்காகச் சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்க்கா. உனக்கு வேண்டிக்கிறதுக்கு முன்னாடி அவருக்கு வேண்டிக்குவேன். அவரால முடிஞ்சா உன்னாலயும் முடியும்னு நெனச்சேன்."

பெரியவளுக்கு, அவள் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"நாளைலருந்து நீ வெட்ட வேணாம்," என்றாள் சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பொத்தான் தை. போதும்."

"சரி."

"ஏறு."

ஸ்கூட்டர் பாரைத் தாண்டியது. பெரிய டெய்லருக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தங்கை தோளை உதறவில்லை. ஆனாலும் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு ஓட்டினாள். இரண்டு மூன்று தெரு இப்படியே போனது. சிக்னலில் வண்டி நின்றது. இத்தனை வியாழக்கிழமையாகக் கேட்டுப் பழகின வாய் தங்கைக்கு, அடக்கிப் பார்த்தும் முடியவில்லை.

"நிஜமா யாருதான் வந்தாங்க?" என்று கேட்டாள், திரும்பாமலே.

பெரிய டெய்லர் வாயைத் திறந்தாள். இல்லாத ஆளைப் பற்றி வாராவாரம் வண்டி வண்டியாகப் பேசினவள். இன்றைக்குச் சொல்வதற்கு நிஜமாகவே ஒரு அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அந்த வெள்ளைச் சட்டைக்காரர், கெட்டில்கார அம்மா, மூலையில் சிரித்தவர். அவர்கள் ஒவ்வொருவரும் சொன்னதைத் தங்கையிடம் சொல்ல நாக்கு துடித்தது. அப்படியே வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுடி," என்றாள்.

சின்னவள் கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டன. அக்கா நிஜமாகவே கூட்டத்துக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று அவள் நம்பியது அப்போதுதான்.